பார்க்காமல் எழுதிய ரீடிங்

ஜூலை 3, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். குன்னூர் முழுக்கப் பஞ்சு மூட்டைக்குள் கிடக்கிறது. மண்ணெண்ணெய் தீர்ந்தது. இடது செருப்பு வார் போச்சு.

சாயங்காலம் ஜெபக்கூட்டம். ஒன்பது பேர். ஆயர் ஊட்டியில் மீட்டிங், வரலை. ஜெபக் குறிப்பு வாசிக்கிறது எப்பவும் நான்தான். என் நோட்டு, பதினாலு பேர், கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். "ரோசம்மாளுடைய தீராத இருமலுக்காக" என்று ஆரம்பித்தேன். மூணாவது பெஞ்சிலிருந்து ரோசம்மாவே குரல் கொடுத்தாள்.

"அண்ணே, அது கிறிஸ்மஸோட போயிருச்சுண்ணே. இப்ப முட்டிவலி."

ஒரே சிரிப்பு. நானும் சிரிச்ச மாதிரி வச்சுக்கிட்டேன். ஆறு மாசமா தினமும் காலையில் முழங்கால் போட்டு, இல்லாத இருமலுக்காகக் கர்த்தரிடம் மன்றாடியிருக்கேன். அவள் உட்காருவது என்னிலிருந்து நாலடி. இருமல் சத்தம் நின்னதுகூட என் காதில் விழலை. காது நல்லாத்தான் இருக்கு.

ராத்திரி ரசம், அப்பளம். என் வீட்டுக்காரி லில்லி உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பாள்.

ஜூலை 4, வியாழன்

காலை ஆறு மணி. முழங்கால் போட்டேன். ஜெபம் ஓடலை. ரோசம்மா பேரோடு நின்னு போச்சு.

ரிட்டயர் ஆகிறதுக்கு முன்னாடி, மின்சாரம் எடுக்கிற பவர் ஹவுஸில் புதுசா வர்ற பயல்களிடம் நான் கத்தின கத்து ஞாபகம் வருது. மணிக்கொரு தரம் மெஷினைச் சுற்றி வரணும். சூடு, அழுத்தம், தண்ணி, எல்லா மீட்டரையும் பார்த்து லாக் ஷீட்டில் எழுதணும். சோம்பேறிப் பயல்கள் எழுந்து போகவே மாட்டான்கள். போன மணிக்கு என்ன எழுதியிருக்கோ அதையே கீழேயும் எழுதிடுவான்கள். "அடேய், இது ரீடிங் இல்லடா, காப்பி"ம்பேன். போர்மேன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

என் நோட்டும் காப்பிதான். பதினாலு கட்டம். நேத்து எழுதினதே இன்னிக்கும்.

புது ரூல். இனிமேல் ஒரு நாளைக்கு ஒரு பேர் போதும். அவங்களைப் போய்ப் பார்த்த பிறகுதான் ஜெபம். பார்க்காம ஜெபம் இல்லை.

பதினாலாவது பேர் வெறும் "கி." அதை எப்பவும் வேகமா சொல்லிட்டு ஆமென் போட்டுடுவேன். "கி.க்குச் சமாதானம் தாரும், ஆமென்." முதல்லேர்ந்து வரிசையா வருவோம். அது கடைசிதானே.

இன்னிக்கு வாய் திறந்தது: பால்காரரிடம் "அரை லிட்டர்." அவ்வளவுதான்.

ஜூலை 5, வெள்ளி

ரோசம்மா வீடு. மார்க்கெட்டுக்குப் பின்னால் இறக்கம், நாற்பத்தோரு படி. முட்டிவலிக்காரி தினமும் இதில்தான் ஏறி இறங்குகிறாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிச்சு ரிட்டயர் ஆனவள். தனி ஆள், என்னைப் போல. ஆனா வீட்டில் சத்தம் இருக்கு. ரேடியோ, கோழி, பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க.

பார்த்தது: வலது முட்டி வீக்கம். அடுப்பு கீழே, குனிஞ்சுதான் சமைக்கணும். ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை, அட்டை வச்சிருக்கா. சிரிக்கும்போது வாயை மூடிக்கிறா, முன்பல் இல்லை. இதெல்லாம் எனக்கு ஒண்ணுமே தெரியாது. இருமல் மட்டும் தெரியும், அதுவும் பொய்.

ஜெபம் பண்ணலாம்னு கண்ணை மூடினேன். அவள் மூடலை.

"எனக்குக் கண்ணத் தொறந்துதாண்ணே பழக்கம். மலங்காட்டுல பறிக்கையில கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்ண முடியுமா? அட்டை கடிக்கும், மாடு நிக்கும். ஒவ்வொரு செடியாப் பாத்துக்கிட்டே பேசுவேன். அவருக்குக் கேட்டுச்சு."

"மாடு"ன்னா காட்டெருமை. நானும் கண்ணைத் திறந்து வச்சேன். கூச்சமா இருந்தது, சட்டை இல்லாம நிக்கிற மாதிரி. அவள் முட்டியைப் பார்த்துக்கிட்டே ஜெபிச்சேன். ஜெபம் நாலே வரி. ஆனா முதல் தடவையா என்ன கேட்கிறேன்னு எனக்குத் தெரிஞ்சுது.

மர முக்காலி ஒண்ணு வீட்டில் சும்மா கிடக்கு. அடுப்பை அது மேல வைக்கலாம். கொண்டு போகணும்.

ஜூலை 6, சனி

முக்காலி கொடுத்தாச்சு. ஜன்னலுக்கு அளவு எடுத்தாச்சு, பதினொண்ணுக்கு ஒன்பது.

ரெண்டாவது பேர், கோத்தகிரி தங்கையா. லில்லிக்குத் தூரத்துச் சொந்தம். வயித்தில் கட்டி, சுகம் கிடைக்க. அந்த மலை ஏற மழை விடலை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். மகன் எடுத்தான்.

"அப்பா மே மாசமே இறந்துட்டாருங்க. நீங்க யாரு பேசறது?"

தினமும் அவருக்காக ஜெபம் பண்றவன்னு சொல்ல வாய் வந்தது. சொல்லலை. தெரிஞ்சவர்னேன். வச்சிட்டேன்.

ரெண்டு மாசமா, செத்தவர் வயித்துக் கட்டி கரையணும்னு கேட்டிருக்கேன். கர்த்தர் என்ன நினைச்சிருப்பார்? இவன் யாரிடம் பேசறான்னு திரும்பிப் பார்த்திருப்பார்.

பூத்துக்காரர் மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுத்தார். வாயில் போட்டுக்கிட்டே நடந்தேன். வீட்டு வாசல் வந்தப்பதான் அழுகை வந்துச்சு. தங்கையாவுக்காக மட்டும் இல்லை. கி. உயிரோட இருக்காரான்னே எனக்குத் தெரியாது.

ஜூலை 7, ஞாயிறு

மாசத்து முதல் ஞாயிறு, நற்கருணை. பாவ அறிக்கை எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். என் பெஞ்ச் முறை வந்ததும் எல்லாரும் மேசைக்குப் போய் அப்பம் வாங்க எழுந்தாங்க. நான் எழலை. முழங்கால் ஒதுக்கி வழி விட்டேன். பதினோரு வருஷமா ஒரு மாசம்கூட விட்டதில்லை. எப்படிப் போனேன்னுதான் இன்னிக்கு ஆச்சரியம்.

வெளியே வந்ததும் ரோசம்மா. "ஏண்ணே, மேசைக்கு வரலையே? உடம்பு சரியில்லையா?" அவள் ஒருத்திதான் கவனிச்சா. "குளிர்"னேன். பொய்.

இந்த நோட்டில் எழுதிடறேன். யார் படிக்கப் போறா?

பதினோரு வருஷம் முன்னாடி, மார்ச் மாசம். எனக்குக் காலை ஷிப்ட், ஆறிலிருந்து ரெண்டு. அப்ப மூணு வேளை ஜெபம்னு ஒரு பொருத்தனை. மத்தியானம் பன்னெண்டுக்கு பேட்டரி ரூம் மூலையில் முழங்கால். பவர் ஹவுஸ்காரங்க குடியிருந்த கேம்ப்பில் எனக்கு "சாமியார் ஆபரேட்டர்"னு பேர். அதில் பெருமையும் உண்டு, மறைப்பானேன். அன்னிக்கு ஜெபம் இனிச்சுது, நீண்டுது. எழுந்து வந்தப்ப பன்னெண்டே முக்கால். பன்னெண்டு மணிக் கட்டம் காலி. பதினோரு மணிக்கு, மெஷின் தண்டு சுத்தற பேரிங்கில் சூடு அறுபத்திரெண்டு டிகிரி. அதையே பன்னெண்டுக்கும் எழுதினேன். எழுதின கையோடு ஒரு மணிக்கும் அதையே எழுதிட்டேன். மெஷின் பக்கம் போகலை.

ரெண்டு மணிக்கு கி. வந்தார். கிருஷ்ணன். முழுப் பேராவே எழுதறேன். பொள்ளாச்சிக்காரர், ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம், லில்லி கையால் எத்தனை கேக் தின்னிருப்பார். ஷீட்டில் கையெழுத்துப் போட்டு ஷிப்டை வாங்கிக்கிட்டார். நான் வீட்டுக்கு வந்து சோறு தின்னேன். ரெண்டு இருபதுக்கு அலாரம். நிறுத்தறதுக்குள் பேரிங் உருகிப் போச்சு.

விசாரணை. என் ஷிப்டில் கடைசி வரைக்கும் சூடு சரி, ஷீட் சொல்லுது. அப்ப தப்பு கிருஷ்ணன் ஷிப்டில். தூங்கிட்டான்னு கேம்ப்பே பேசிச்சு. என்னைக் கூப்பிட்டு, "நீங்க கிளம்பறப்ப எல்லாம் சரியா இருந்ததா?"ன்னு கேட்டாங்க. "சரியா இருந்தது சார்." அவரைக் கீழே சமவெளிக்கு மாத்தினாங்க. அவருக்கு வர வேண்டிய போர்மேன் வேலை எனக்கு வந்துச்சு. லில்லிக்குக்கூடச் சொல்லலை.

விசாரணை அன்னிக்குச் சாயங்காலமே அவர் பேரை ஜெப நோட்டில் எழுதினேன். அப்படி வந்ததுதான் பதினாலாவது பேர். செய்யறதைச் செய்துட்டு, அவருக்குச் சமாதானம் தாரும்னு கர்த்தரிடம் தள்ளிவிட்டாச்சு.

ஜூலை 9, செவ்வாய்

மூடுபனி. எதிர் வீடு தெரியலை. நேத்து எழுதலை, எழுத ஒண்ணும் இல்லை.

ஒண்ணு கவனிச்சேன். கண்ணைத் திறந்து வச்சு ஜெபிக்க ஆரம்பிச்சதிலிருந்து வீடு என்னை முறைக்குது. லில்லி படத்தில் ஒட்டடை. மேசையில் ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கு, நான் உட்கார்ற பக்கம். பால்காரர் வலது காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருக்கார். "என்னாச்சுங்க?"ன்னேன். "விரல் எடுத்தாச்சுங்க, சர்க்கரை. ரெண்டு வருசமாச்சு"ன்னார். ரெண்டு வருஷமா என் வாசலில் தினமும் நிக்கிற மனுஷன்.

இவ்வளவு பேர் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறப்ப நான் தனியா இருக்கேன்னு யாரிடம் புகார் சொல்றது. ஆனா தனிமைதான். இதில் பொய் சொல்ல மாட்டேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுக்குள் ஒரு மௌனம் வருது பாருங்க, அதுக்கு எந்தக் கதவைச் சாத்தினாலும் ஆகலை.

ஜூலை 10, புதன்

சென்னியப்பன் மளிகைக் கடை. அவர் என் நோட்டில் இல்லை. பத்து வருஷமா சோப்பு வாங்கறேன், அவரும் பொள்ளாச்சிப் பக்கம்தான். துவரம்பருப்பு கால் கிலோ கட்டச் சொல்லிட்டுக் கேட்டேன். கிருஷ்ணன்னு ஒருத்தர், என்கூட வேலை பார்த்தவர், ஊரில் இருக்காரா?

"ஏனுங்க போர்மேனய்யா, அவரு ஊர்ல எங்க இருக்கறாரு? மூணு வருசமா அருவங்காட்டுல பையன் ஊட்டுல இல்லீங்களா? பேக்டரி குவார்ட்டர்ஸுங்க. மாசம் ஒருக்கா நம்ம கடைக்குச் சாமான் வாங்க வருவாருங்க."

"என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே?"

"கேட்டாத்தானுங்க சொல்றது."

அருவங்காடு. இங்கிருந்து ஊட்டி பஸ் ஏறினால் டிக்கெட் கிழிக்கிறதுக்குள் வந்துடும். ரயிலில் ரெண்டாவது ஸ்டேஷன். மூணு வருஷமா இந்தப் பக்கத்து ஊருக்கு நான் பரலோகம் வழியா தந்தி அடிச்சுக்கிட்டிருந்தேன்.

சாயங்காலம் கூட்டத்தில் நோட்டைத் திறக்கலை. "அவங்கவங்க உங்க காரியத்தை நீங்களே சொல்லுங்க"ன்னேன். ஒருத்தர் ஆரம்பிச்சார். அப்புறம் நிறுத்த முடியலை. ஏழரைக்கு முடியற கூட்டம் எட்டேகால். ஆயர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் ரோசம்மா, "உங்களுக்கு என்னண்ணே?"ன்னு கேட்டா. "ஒரு மனுஷனைப் பார்க்கப் போகணும், பயமா இருக்கு"ன்னேன். யாரு, எதுக்குன்னு ஒருத்தரும் கேட்கலை. அந்த மட்டும் நல்ல ஜனங்க.

ஜூலை 12, வெள்ளி

போனேன். பஸ் ஏறினேன். அருவங்காடு வந்துச்சு. கண்டக்டர் "அருவங்காடு, அருவங்காடு"ன்னு ரெண்டு தரம் கத்தினார். எழலை. கேத்தி போச்சு, லவ்டேல் போச்சு, ஊட்டியில் இறங்கினேன். ஒரு டீ குடிச்சேன். வர்க்கி பிஸ்கட் கால் கிலோ வாங்கினேன், எதுக்குன்னு தெரியலை. திரும்பி வரும்போதும் அருவங்காடு வந்துச்சு. பக்கத்து ஸீட் அம்மா, காலையிலும் கூட வந்தவங்க, "அய்யா, நீங்க காலையில இந்த ஊருக்குத்தான டிக்கெட் வாங்குனீங்க?"ன்னாங்க. தூங்கிட்டேன்னு சொன்னேன்.

தூங்கிட்டேன்! கிருஷ்ணன்மேல் ஊர் சொன்ன அதே வார்த்தை. என் வாயிலிருந்தே.

ஜூலை 13, சனி

காலை ஜெபம் ஒரே வரி. என்னை இறக்கி விடும்.

ஒன்றே முக்கால் பஸ். கண்டக்டர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே எழுந்து நின்னேன். குவார்ட்டர்ஸ், கேட்டிலிருந்து நாலாவது வரிசை. வெயில் விழுந்த ஓரமா நாற்காலி போட்டு, குரங்குக் குல்லா, மடியில் முறம், பட்டாணி உரிச்சுக்கிட்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"யாரு, தொரராஜுங்களா?"

"நான்தான்."

"உக்காருங்க." வாங்கன்னு சொல்லலை.

வர வழியில் வசனமா யோசிச்சு வச்சதெல்லாம் மறந்து போச்சு. நல்லதாப் போச்சு. நடந்ததை நடந்த மாதிரி சொன்னேன். அவர் பட்டாணி உரிக்கிறதை நிறுத்தலை. "மீட்டரை நான் பார்க்கலை" என்கிற இடத்தில் நிறுத்தினார்.

"பன்னெண்டு மணிக்கு நீங்க பாக்கலை."

"பார்க்கலை."

"ஒரு மணிக்கும்."

"இல்லை."

"எங்க இருந்தீங்க?"

"பேட்டரி ரூமில். ஜெபத்தில்."

கீழே ரயில் கூவிட்டுப் போச்சு.

"ரெண்டு மணிக்கு வந்தவன் நானும் ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கோணுமுங்க. ரூலு அதுதான். வேற எவன் எழுதியிருந்தாலும் பாத்திருப்பேன். நீங்க எழுதினதுன்னுதான் பாக்கலை. மூணு வேளை சாமி கும்படற மனுசன், இல்லாததை எழுத மாட்டாருன்னு."

இதுக்கு நான் தயாரா வரலை. திட்டுவார்னு வந்தேன். கையைப் பிடிச்சுக்குவார்னும் ஒரு மூலையில் ஆசை இருந்துச்சு. ஆபீசுக்கு எழுதித் தர்றேன்னேன்.

"இனி எழுதி? எனக்கு போர்மேன் சட்டை தெச்சுக் குடுப்பாங்களாக்கும்." சிரிச்சார். சிரிப்பில்லை அது. "இப்ப வந்தது எதுக்குங்க? உங்க மனசு லேசாகறதுக்கா, இல்ல என்னையப் பாக்கறதுக்கா?"

"தெரியலைங்க"ன்னேன். அதுதான் நிஜம்.

மருமகள் காபி கொண்டு வந்தாள். வர்க்கிப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தேன். குடிச்சதும் எழுந்தேன். அவர் முறத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

"எம் பையன் நாலரைக்கு ஷிப்ட் முடிஞ்சு வருவானுங்க. அப்பன் தூங்கி மெஷினத் தீச்சவன்னு அவனோட பள்ளிக்கூடத்துலயே சொன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் என்னைய அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் தூங்கலைன்னு நானாச் சொன்னா நம்பற மாதிரி இருக்குமா? நீங்க சொல்லுங்க. நாலரை வரைக்கும் உக்காருங்க."

உட்கார்ந்தேன். மணி ரெண்டரைதான். ரெண்டு மணி நேரம். எழுந்து ஓடிடலாம்னு எத்தனை தரம் தோணுச்சுன்னு கணக்கில்லை. கண்ணை மூடி ஜெபிக்கலாம்னு பழக்கதோஷத்தில் தலை குனிஞ்சேன். அப்படியே நிமிர்ந்துட்டேன். மூடினா பேட்டரி ரூம்தான். அவரைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். முறத்தில் கை வைக்கப் போனேன், ஒரு பிடி உரிச்சுக் கொடுக்கலாம்னு. முறத்தை அந்தப் பக்கம் நகர்த்திக்கிட்டார். சரி.

பையன் வந்தான். இருபத்தேழு வயசு இருக்கும், கையில் டிபன் கேரியர். நின்னுக்கிட்டே சொன்னேன். "உங்கப்பா தூங்கலை. நான் பார்க்காம எழுதினேன். விசாரணையில் பொய் சொன்னேன். அவர் வேலையில் நான் உட்கார்ந்தேன்."

பையன் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவைத்தான் பார்த்தான். கேரியரைக் கீழே வச்சான்.

"ஏனுங்கப்பா, தூங்கலீங்களா?"

"இல்லடா கண்ணு."

ரெண்டு பேரும் உள்ளே போனாங்க. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன். அப்புறம் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

காலை ஆறு மணி. மழை இல்லை. எதிர் வீடு தெரியுது.

கோயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு. ரோசம்மா ஜன்னலுக்குக் கண்ணாடி நாளைக்கு வாங்கணும். பால்காரர் பேர் சுப்பிரமணி, நேத்து கேட்டுக்கிட்டேன்.

கிருஷ்ணன்: இடது காது மந்தம். விரல் நடுங்குது, பட்டாணி சிலது கீழே விழுது, அவருக்குத் தெரியலை. காபிக்கு ஜீனி இல்லை. என்னை மன்னிக்கலை. மறுபடி வாங்கன்னு சொல்லலை, வராதீங்கன்னும் சொல்லலை. உள்ளே போறப்ப பையன் அவர் தோளைப் பிடிச்சிருந்தான்.

நேரில் பார்த்து எழுதியது.